பிரமாச்சியின் மாசிப்பத்திரி

சேர்மத்துரை அண்ணாச்சியை விட்டுத் தண்ணீர் விலகிப்போனது ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டின்போது. இலையில் சோறும் சாளைமீன் குழம்பும் இருக்க, இரண்டாவது கவளம் தொண்டையில் அடைத்ததென்று அவர் தம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனார். வேண்டாத உறவுக்காரரைத் தெருவில் கண்டவர்கள் ஒதுங்குவதுபோல, தம்ளருக்குள் இருந்த தண்ணீர் மெதுவாக மறுபக்கம் ஒதுங்கி, விளிம்பேறி, வெளியே வழிந்து, தரையில் ஓடி, வாசற்படி இறங்கிப் போனது.

அவர் வீட்டம்மா மறுபடி ஊற்றினாள். அதுவும் போனது. செம்பில் கொடுத்தாள், போனது. வாளிக்குள் அவர் முகத்தை நுழைத்தபோது தண்ணீர் நாலாபுறமும் ஏறி வெளியே குதித்து, வாளியின் அடி காய்ந்து தெரிந்தது. இளநீரைச் சீவித் திறந்தால் அது ஊற்றுப்போல் மேலே எழும்பி வேலியைத் தாண்டி விழுந்தது. மோரும் பாலும் பதநீரும் அப்படியே. வெள்ளரிக்காய்க்கும் நுங்குக்கும் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை போலும், அதைக் கடித்துத் தின்றால் தங்கியது. திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில் கையில் ஊசி ஏற்றிப் பார்த்தார்கள். குழாயில் பாதி தூரம் இறங்கிய மருந்து நின்று யோசித்துவிட்டு மறுபடி பாட்டிலுக்கே ஏறிப்போனது. டாக்டர் அதைச் சீட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, நிறைய வெள்ளரிக்காய் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே செங்குழிவிளையில் ஒரு வாசனை இருந்தது. கற்பூரத்தையும் எலுமிச்சைத் தோலையும் சேர்த்துக் கசக்கியதுபோல், மூக்குக்கு இனிப்பாகவும் அடித்தொண்டைக்குக் கசப்பாகவும், தேரிப்பக்கமிருந்து வந்தது. தேரியின் ஓரத்தில், சிவப்பு மணல் மேடு தொடங்கும் இடத்தில், பிரமாச்சியின் வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் அவள் மகளைப் புதைத்த இடத்தில் மாசிப்பத்திரிச் செடிகள் இடுப்புயரம் வளர்ந்து, இலையெல்லாம் வெள்ளி முலாம் பூசியதுபோல் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றன. ஏன் இப்படி ஆயிற்று என்று ஊரில் யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

முந்தின வருஷம் சித்திரையில் நடந்தது இது. இரண்டு மழைக்காலம் பொய்த்து, குளம் வெடித்து, ஊர்க்கிணற்றில் தவளை செத்துக் கிடந்தது. சேர்மத்துரையின் தென்னந்தோப்பில் மட்டும் எண்ணூறு அடி ஆழ்குழாயில் மோட்டார் ஓடியது. அந்தக் குழாய் இறங்கிய பிறகுதான் ஊர்க்கிணறு வற்றியது என்று பிரமாச்சி மனுநீதி நாளன்று கலெக்டரிடம் ஒரு மனு கொடுத்தாள். கூடக் கையெழுத்துப் போட ஊரில் யாரும் வரவில்லை. பனையேறி விழுந்து புருஷன் செத்த பிறகு மாலைகட்டிப் பிழைத்தவள் அவள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அவள் கட்டும் மாலை நாலு நாள் வாடாது என்பார்கள். கலெக்டர் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து தோப்பைப் பார்த்து, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஒரு நாள், காலை பதினொரு மணிக்கு, வீட்டுக்கு இரண்டு குடம் என்று தோப்பில் தண்ணீர் கொடுத்தார்கள். இருபது பேர் நின்ற வரிசையில் பிரமாச்சியின் மகள் சுயம்புக்கனி கடைசி ஆளாக நின்றாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த பிள்ளை. அவள் முறை வந்தபோது சேர்மத்துரை தென்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நீ பிரமாச்சி மவதான? ஒங்கம்ம கலெக்டருக்கு மனுல்லா கொடுத்திருக்கா. கலெக்டரு பங்களாவுல நல்ல தண்ணி வரும். அங்க போயி பிடி.”

“வீட்டுல ஒரு சொட்டுகூட இல்ல அண்ணாச்சி.”

அவர் கையைக் காட்டினார். காவல்காரன் இரும்புக் கேட்டைச் சாத்தினான். தண்ணீர் பிடித்து முடித்திருந்த பத்தொன்பது பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்காமல் தங்கள் தங்கள் குடத்துக்குள்ளேயே குனிந்து பார்த்தார்கள். கனி வெறும் குடத்தோடு நாலு மைல் தள்ளியிருந்த அடுத்த ஊருக்குத் தேரிமணலில் நடந்தாள். சாயங்காலம் ஆடு மேய்த்து வந்தவர் அவளைக் கண்டெடுத்தபோது வாய்க்குள் சிவப்பு மணல் இருந்தது. வெயில் தாக்கிச் சாவு என்று போலீஸ் எழுதியது. சூரியன்மேல் வழக்குப் போட முடியாதென்பதால் அது அத்தோடு முடிந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில், சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கத் தாமதமாக வரும் சொந்தக்காரரைப்போல, மழை வந்தது. கார்த்திகையில் பிரமாச்சி அலமாரியைத் துழாவி ஒரு காலித் தைலக் குப்பியை எடுத்தாள். அதில் கனி சேர்த்துவைத்த மாசிப்பத்திரி விதை இருந்தது. மாலைக்கு நடுவில் வைக்கும் அந்தப் பச்சிலையை வாங்கப் பூ மார்க்கெட்டுக்கு அம்மா பஸ் ஏறிப் போவதைப் பார்த்து, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மலைக்குப் போனபோது காய்ந்த தண்டுகளை ஒடித்து வந்து, செய்தித்தாளில் உதறி, “ஒரு தடவ வேரு பிடிச்சிட்டுன்னா தண்ணியே கேக்காதாம்மா, நம்ம தேரிக்குன்னே பொறந்த செடி” என்று சொல்லி வைத்திருந்தாள்.

அந்த விதை மூக்குப்பொடியைவிடச் சன்னமாக இருந்தது. பெருமூச்சு விட்டால் பறந்துவிடும். பிரமாச்சி முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு, அதைச் சலித்த மணலோடும் அடுப்புச் சாம்பலோடும் கலந்து, மகள்மேல் மூடிய மண்ணைக் கையாலேயே சமன் செய்து, மேலாகத் தூவினாள். மண் போட்டு மூடவில்லை. வெளிச்சம் படாவிட்டால் அந்த விதை கண் திறக்காது. குடத்தால் ஊற்றினால் அடித்துக்கொண்டு போய்விடும் என்று, வேப்பங்கொத்தைத் தண்ணீரில் நனைத்து, பூமாலைக்குத் தெளிப்பதுபோல் காலையும் மாலையும் தெளித்தாள். பதினாறு நாள் மண்ணின் ஈரம் காயாமல், அதே நேரம் தேங்காமல், நெற்றி வியர்வை அளவுக்கு வைத்திருந்தாள். ஒன்பதாம் நாள் ஊசிமுனைப் பச்சை தெரிந்தது. நாலு இலை வந்ததும் நெருக்கமானதைப் பிடுங்கித் தள்ளி நட்டாள். நுனியைக் கிள்ளிவிட்டாள். அப்புறம் ஒரு துளி தண்ணீர் விடவில்லை. அவள் கண்ணீரால் வளர்ந்த செடி என்று பின்னால் ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அதைக் கேட்டபோது பிரமாச்சி, “கண்ணீருல உப்பு உண்டும். முளை கருகிப்போவும். கூறுகெட்டதுவ” என்றாள்.

செடி வளர வளர அவள் ஒன்றே ஒன்றைத்தான் அதனிடம் சொன்னாள், தினமும் சொன்னாள், காலையில் எழுந்து பல் தேய்க்கும் முன் சொன்னாள்: அவனுக்கும் கிடைக்கக் கூடாது. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு இலை வெளுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. மாசிப்பத்திரியின் இலை எப்போதுமே அப்படித்தான் வெளுத்திருக்கும்.

ஆக, பங்குனியில் தண்ணீர் அவரைவிட்டுப் போனது. பிரமாச்சி கேள்விப்பட்டு, கட்டிக்கொண்டிருந்த மாலையைக் கீழே வைக்காமலேயே கட்டி முடித்து, அன்று வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். அவர் வற்றி, வாயோரம் வெடித்து, குளிக்க வழியில்லாமல் விளக்கெண்ணெயையும் தவிட்டையும் தேய்த்து உடம்பைத் துடைத்துக்கொண்டு தெருவில் நடந்துபோவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். இரண்டு தடவை அவர் ஆள் அனுப்பிச் செடியைப் பிடுங்கச் செய்தார். ஒடித்துப் போட்ட கிளையெல்லாம் கிடந்த இடத்திலேயே வேர்விட்டு, எட்டுச் செடி இருபதாயிற்று. மூன்றாம் தடவை போக ஆள் கிடைக்கவில்லை.

ஆனால் ஐப்பசி வந்ததும் பிரமாச்சி நினைக்காத ஒன்று நடந்தது. மழையும் தண்ணீர்தானே, அதுவும் அவரைவிட்டு விலகியது. அவர் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பன்னிரண்டு தப்படி தூரம், கோலம் போட்டதுபோல வட்டமாக, ஒரு சொட்டு விழவில்லை. முதலில் அதைக் கவனித்தது வற்றல் காயப்போட்டிருந்த ஒருத்தி. “அண்ணாச்சி, ஒரு நிமிசம் இப்பிடி நில்லுங்க” என்றாள். அவர் நின்றார். வற்றல் நனையவில்லை. அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பந்தலுக்கு நடுவில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். பந்தல் ஒழுகவில்லை. கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலில் ஊருக்கே சோறு போடும் அசன விருந்துக்கு நாலு அடுப்புக்கு நடுவில் அவரை உட்காரவைக்கப் பார்த்து, பானைத் தண்ணீரெல்லாம் கிளம்பி ஓடியதும் விறகுக் குவியல் மட்டும் நனையாதபடி நாற்காலியைப் பதின்மூன்றாவது தப்படிக்கு நகர்த்தி அளவு கண்டுபிடித்துக்கொண்டார்கள். கடற்கரையிலிருந்து கருவாட்டுக்காரர்கள் வேன் அனுப்பினார்கள். உப்பளத்துக்காரர்கள் மேடை கட்டி, மேலே சாய்வு நாற்காலி போட்டு, மழைக்காலத்திலும் உப்பு வாரினார்கள். வெள்ளரிக்காய் கூடைகூடையாக வந்தது. அவர் முகம் தெளிந்தது. ‘மழைகாத்த அண்ணாச்சி’ என்று அவருக்குப் பெயர் விழுந்தது. சின்னப் பிள்ளைகள் அவர் வட்டத்துக்குள் புகுந்து நனையாமல் பள்ளிக்கூடம் போயின. ஒரு வருஷம் போவதற்குள் அவருக்கு ஏன் இப்படி வந்தது என்பது ஊருக்கு மறந்தே போய், ஏதோ கோயில் வரம் என்றே பேசலானார்கள்.

தை மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். மாலைக்குச் சொல்ல வந்தவள் பிரமாச்சியின் அடுத்த வீட்டுக்காரி லில்லிபுஷ்பம், தையல் தைப்பவள். வேலிக்கு அந்தப்பக்கமே நின்றாள்.

“அக்கா, ஒரு மாலை வேணும். ஆளுயரத்துக்கு.”

“யாருக்கு?”

லில்லிபுஷ்பம் தோளில் தொங்கிய அளவுநாடாவைச் சுருட்டினாள். “அண்ணாச்சிக்குத்தான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஒன்ன மாதிரி இங்க யாரும் கட்டமாட்டாங்கன்னு கமிட்டில ஒரேயடியா நிக்காங்க.”

லில்லிபுஷ்பமும் அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி. அன்றைக்குக் கனிக்கு முன்னால் நின்று, நிறைந்த இரண்டு குடத்தை இடுப்பிலும் தலையிலும் வைத்துக்கொண்டு போனவள்.

“கட்டித்தாரேன்” என்றாள் பிரமாச்சி.

அவள் கொல்லைக்குப் போய், மாசிப்பத்திரியை அதுவரை ஒரு இலைகூடக் கிள்ளி விற்காதவள், கத்தரிக்கோலால் கை நிறைய, மடி நிறைய வெட்டினாள். சம்பங்கிக்கு ஒரு கொத்து, அரளிக்கு ஒரு கொத்து என்று நெருக்கி நெருக்கி வைத்து, விரலை நார் அறுத்து ரத்தம் வர வர, இது அவனோடு நிற்கக் கூடாது, அவன் ஒருத்தனாக அந்தக் கேட்டைச் சாத்தவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள்.

மைதானத்தில் நானூறு பேர் இருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. சேர்மத்துரையின் கழுத்தில் மாலை விழுந்ததும் அந்த வாசனை எழுந்து, முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று முகம் முகமாகத் தடவிக்கொண்டு கடைசி வரை போனது. அப்போது அவர் வட்டத்துக்கு வெளியே எல்லாருக்கும் கலர் சோடா பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கமிட்டித் தலைவர் கொம்பையா பாட்டிலை வாயில் வைத்தார். கலர் சீறிக்கொண்டு முதுகுப்பக்கமாகப் பாய்ந்தது. மூன்றாம் வரிசையில் ஒருத்தியின் கையிலிருந்து பாய்ந்தது. அப்புறம் இன்னொருவர். அப்புறம் லில்லிபுஷ்பம். தூறல் ஒவ்வொருவர் தலைக்கு மேலேயும் கிழிந்து விலகியது. யார் யார் அன்றைக்கு வரிசையில் நின்றார்கள் என்பது ஊருக்கு மறந்துபோயிருந்ததே, அதைத் தண்ணீர் ஒவ்வொரு ஆளாக எழுப்பிக் காட்டியது. அவருடையது போக, பத்தொன்பது காய்ந்த வட்டங்கள் மைதானத்தில் தெரிந்தன.

ஒரு பந்தலுக்கு மழையைத் தடுக்க ஆள் ஒருவர் போதும், இருபது பேர் ஆனதும் ஊருக்கு மழையே இல்லை. வெள்ளரிக்காய் கிடைக்கவில்லை. நுங்குக்கு அது காலமில்லை. மூன்றாம் நாள் லில்லிபுஷ்பம் உதடு வெடித்து, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரமாச்சி பூக்கூடைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கை உதறியபோது ஒரு துளி பறந்து லில்லிபுஷ்பத்தின் கன்னத்தில் விழுந்தது. விழுந்தது ஓடவில்லை. அங்கேயே நின்றது. லில்லிபுஷ்பம் நாக்கை நீட்டி அதை நக்கி, அழுதாள்.

“அக்கா, ஒன் கையால தந்தா நிக்கி.”

பிரமாச்சி தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

“நாளைக்கு உச்சிக்கு எல்லாரையும் வரச்சொல்லு” என்றாள். “அவரையும்.”

மறுநாள் பத்தொன்பது பேரும் தம்ளரோடு அவள் வாசலில் வரிசையாக நின்றார்கள். வேலிப்படலுக்குப் பக்கத்தில், முக்காலி ஒன்றில், சேர்மத்துரையை உட்காரவைத்தாள். பின்னால் ஊரே கூடி நின்றது. ஒவ்வொருவரும் அவர் முன்னால் வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், சொன்னால் தண்ணீர் தருவேன் என்றாள். வாக்கியத்தையும் அவளே சொன்னாள்: அந்தப் பிள்ளைக்கும் ஒரு குடம் கொடுங்க அண்ணாச்சி.

கொம்பையாவுக்குக் கோபம் வந்தது. “நாங்க என்னம்மா செஞ்சோம்? கேட்டச் சாத்துனது அவருல்லா?”

“நீங்க ஒண்ணும் செய்யல” என்றாள் பிரமாச்சி. “அதத்தான் நானும் சொல்லுதேன்.”

கொம்பையா தலையைக் குனிந்து, வாய்க்குள்ளேயே அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

“கேக்கல. அன்னைக்கு மோட்டார் ஓடிட்டு இருந்துச்சு. அந்தச் சத்தத்துக்கு மேல கேக்கணும்.”

அவர் கத்திச் சொன்னார். அடுத்தவள் கத்திச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கும் ஒரு குடம் கொடுங்க அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்கும் ஒரு குடம் கொடுங்க அண்ணாச்சி என்று பத்தொன்பது தடவை அந்தத் தேரியோரத்தில் குரல் எழுந்தது. ஒரு ஆள் சொல்லும்போது உடைந்து அழுதார். ஒருத்தி அழாமல் கோபமாகவே சொன்னாள். லில்லிபுஷ்பத்துக்குக் குரல் வராமல் ஐந்தாறு தடவை சொல்லவேண்டியிருந்தது. சொன்னவர்கள் தம்ளரில் பிரமாச்சி ஊற்றினாள், அவர்கள் குடித்தார்கள், அதோடு தண்ணீர் அவர்களிடம் திரும்பிவிட்டது. சேர்மத்துரை முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பதும் முடிந்து, அவர் எழுந்து வந்து தம்ளரை நீட்டினார்.

“நான் என்னம்மா சொல்லணும்?”

“உமக்குச் சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கே சொல்லிட்டீரு.”

“அப்ப என்னயச் சாவச் சொல்லுதியா?”

“சாவுததுக்கு ஒரு மத்தியானம் போதும்” என்றாள் அவள். “நீரு இருக்கணும். நல்லா இருக்கணும். நாளும் உச்சிவெயில்ல, வண்டி இல்லாம, செருப்பு இல்லாம நடந்து வாரும். ஒரு தம்ளர் தாரேன். ரெண்டாவது கிடையாது.” சொல்லிவிட்டு ஊற்றினாள். அந்தத் தண்ணீர் அவர் தொண்டையில் இறங்கியது. ஆனால் மற்ற தண்ணீர் எதுவும் அவரிடம் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அவர் நடந்தார். வெயிலில் நடந்தார், மழையில் தன் காய்ந்த வட்டத்தோடு நடந்தார். பந்தலுக்கும் உப்பளத்துக்கும் அவரை யாரும் பிறகு கூப்பிடவில்லை. அந்த நாற்காலியை அவருக்குப் போட ஊருக்குக் கை வரவில்லை. ஒரு வருஷத்தில் தோப்பு மோட்டாரைக் கழற்றினார். ஊர்க்கிணறு மெல்ல ஊறியது. பிரமாச்சிக்கு அது தெரியும். அவள் கை நின்றால் தன் உயிர் நின்றுவிடும் என்பதால் அவள் தும்மினால் அவருக்குப் பதறியது. கூரை மாற்றிக் கொடுத்தார். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று ஊரில் சிரித்தார்கள். பிரமாச்சி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், ஒரு தடவைகூட அவரை உட்காரச் சொல்லவில்லை.

ஐந்தாம் வருஷம் ஆனியில் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. உச்சிக்கு வந்த சேர்மத்துரை, கதவு திறந்து கிடக்க, அவள் பாயில் கிடந்து “கனி, தண்ணி” என்று அரற்றுவதைக் கேட்டார். உள்ளே போய்ப் பானையைத் திறந்தார். தண்ணீர் எழுந்து சன்னல் வழியாக வெளியேறியது. வீட்டில் இருந்த கடைசிச் சொட்டும் அவர் வந்ததால் போனது. அவர் தேரிமணல் காலைச் சுட ஓடி, லில்லிபுஷ்பம் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தாயி, ஒரு செம்பு தண்ணி குடு. எனக்கில்ல. அந்தம்மாவுக்கு. என் கையில நிக்காது, நீதான் கொண்டுவரணும்.”

லில்லிபுஷ்பம் தையல் மிஷினில் இருந்தாள். அவரைப் பார்த்தாள். காலை மிஷினிலிருந்து எடுக்காமல், ஓடிக்கொண்டிருந்த தையலைத் துணியின் ஓரம் வரை ஓட்டி முடித்து, நூலைப் பல்லால் கடித்து, அதற்குப் பிறகுதான் எழுந்தாள். அவ்வளவு நேரமும் அவர் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றார். கம்பி சுட்டது. கையை எடுக்கவில்லை.

பிரமாச்சி நாலு நாளில் எழுந்தாள். நாலு நாளும் அவர் வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டு, தண்ணீர் ஓடாத தூரத்தில், அவள் வீட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்ததை லில்லிபுஷ்பம் சொன்னாள்.

“போதும்க்கா. செடியும் கட்ட தட்டிப்போச்சு. எலையே இல்ல. இந்த மழையோட பட்டுரும். அதோட இவரையும் விட்டுரு.”

உண்மைதான். மாசிப்பத்திரி ஐந்தாறு வருஷத்துக்கு மேல் நிற்காது. தண்டு முறுகி, கரி ஏறி, வெள்ளி உதிர்ந்திருந்தது. அது போனால் தண்ணீர் அவரிடம் திரும்பும் என்று ஊரே நம்பியது. அண்ணாச்சி மனுஷனாகிவிட்டார், பாவம், இனி வயசான காலத்தில் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கட்டும் என்று, வற்றல் காயப்போட்டவர்கள்கூடப் பேசினார்கள். அவர் காதிலும் விழுந்தது. மழைக்காலத்தை எதிர்பார்த்து அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

கார்த்திகையில் பிரமாச்சி காய்ந்த தண்டுகளை வெட்டி, செய்தித்தாளை விரித்து உதறினாள். உச்சிக்கு வந்தவர் அதைப் பார்த்தார். அவளும் அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

“நீரு நல்லவராயிட்டீருன்னு சொல்லுதாவ” என்றாள். “நானும் பார்த்தேன். பொய்யில்ல. நல்லவராவே இரும். ஆனா அவ வரல.”

அவர் தம்ளரைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் மணலும் சாம்பலும் கலந்து தூவி, வேப்பங்கொத்தால் தெளித்தாள். இந்தப் பதினாறு நாள்தான் அந்தச் செடிக்குத் தண்ணீர் வேண்டிய நாள். பாத்திக்கும் வேலிப்படலுக்கும் வீட்டைச் சேர்த்தும் பத்துத் தப்படிதான். அவர் எப்போதும் நிற்கும் படலோரத்தில் வந்து ஒரு நிமிஷம் நின்றால் போதும், ஈரமெல்லாம் மண்ணைவிட்டுக் கிளம்பிவிடும், விதை வெந்துபோகும், எல்லாம் முடிந்துபோகும். அது அவளுக்குத் தெரியும். அவர் தினமும் வழக்கம்போலத்தான் வருவார் என்பதும் தெரியும். வரட்டும் என்று கையில் தம்ளரோடு காத்திருந்தாள். அவர் வந்து நின்று, தெரியாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டால், அன்றைக்குத் தன் மனசில் மிச்சமிருக்கிற ஏதோ ஒன்றும் அடங்கிவிடும், மறுபடியும் அவரை முழுசாக வெறுக்கலாம் என்று நினைத்தாள்.

அவர் வந்தார். தூரத்தில், உடைமரத்தடியில், நின்றுவிட்டார்.

“ஏன் அங்கன நிக்கீரு?” என்று கத்தினாள்.

“பக்கத்துல வந்தா முளைக்கு ஆவாதுல்லா.”

அவளுக்கு வந்தது கோபம்தான். தம்ளரைக் கீழே கவிழ்த்துவிட்டு உள்ளே போக நினைத்தாள். ஆனால் ஒரு தம்ளர் தருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் படலைத் திறந்து, செருப்பில்லாத காலோடு, அந்த மணலில் உடைமரம் வரை நடந்தாள். அவர் கை நீட்டி வாங்கிக் குடித்தார். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே, தினமும் அவள் அவரிடம் நடந்து போனாள்.

ஒன்பதாம் நாள் தம்ளரைக் கொடுக்கும்போது, “முளைச்சிட்டு” என்றாள்.

தீர்ப்பை வாசிக்கக் கேட்பவரைப்போல அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்போது அவருக்கு அறுபத்திநாலு வயது.

“எறும்பு அரிச்சிராம பாத்துக்க” என்றார்.

அவர் குடித்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.